ராணி கேட்ட ரிசல்ட்

ராணி போய்விட்டாள். இன்று காலை, ஐசியூவில்.

எங்கள் லேபில் எனக்குப் பக்கத்து பெஞ்ச் ராணி. லுக்கீமியா என்று உங்களில் பலருக்குத் தெரியும்... ஆனால் அவளைக் கொண்டுபோனது அது இல்லை, ரத்தத்தில் புகுந்த யீஸ்ட். நாங்கள் தினமும் தட்டில் வளர்த்துப் பார்க்கிற அதே சனியன்.

அவசரமாக எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலை மேல் போனக்காடு தேயிலை எஸ்டேட்டில் பிறந்தவள். லேபில் எல்லோரும் மலையாளம், நாங்கள் இருவர் மட்டும் தமிழ். இன்குபேட்டரைத் திறந்து மோந்துவிட்டு, மாவு புளித்துவிட்டது அக்கா என்பாள். அந்த வாசனையோடு எப்படித்தான் மத்தியானம் இட்லி இறங்குமோ அவளுக்கு.

எதிர்ப்புச் சக்தி இல்லாத நோயாளிகளின் யீஸ்ட் எங்களிடம் வரும். மைக்ராஸ்கோப்பில் எல்லாம் ஒரே உருண்டை. டிஎன்ஏ எடுத்து, ஜெல்லில் கரண்ட் வைத்து ஓட்டினால்தான் கோடு கோடாக வித்தியாசம் தெரியும். இரண்டு பேருடைய கோடுகள் ஒத்துப்போனால் வார்டுக்குள்ளேயே பரவுகிறது என்று பயப்பட வேண்டும்.

ராணி ஒரு ஜெல்லோடு திருப்திப்பட மாட்டாள். பாதியில் கரண்ட் போனால் அன்று அவள் பக்கமே போக முடியாது.

அட்மிட் ஆகிற அன்று நேரே லேபுக்கு வந்து, பஞ்சுக் குச்சியால் தன் வாயில் தானே ஸ்வாப் எடுத்தாள். எல்லோர் வாயிலும் கொஞ்சம் யீஸ்ட் இருக்கும், எதிர்ப்புச் சக்தி போனால் அதுவே ரத்தத்தில் இறங்கலாம். இதில் வளர்வதை ஃப்ரீசரில் வை என்றாள். எதுக்குடி என்றேன். பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டி வரும் என்றாள், வேறு யாருக்கோ எடுத்த மாதிரி.

வேண்டி வந்தது. கீமோ முடிவதற்குள் காய்ச்சல், ரத்தக் கல்ச்சரில் யீஸ்ட். பக்கத்துக் கட்டில் காலேஜ் பெண்ணுக்கும் அப்படியே. எதிர்க் கட்டிலுக்குப் புதிதாக ஒரு அம்மா வந்திருந்தார். அவருக்கு இன்னும் ஒன்றும் இல்லை.

யீஸ்ட்டைக் கொல்லும் அந்த மருந்து ஏறும்போது... கட்டிலே ஆடும். போனக்காட்டுக் குளிரில் ஸ்வெட்டர் இல்லாமல் வளர்ந்தவள், கம்பளிக்கு மேல் கம்பளி கேட்டாள். பல் அடித்துக்கொள்ள இதையேதான் சொன்னாள்.

"என் வாயில இருந்ததாவே இருக்கணும் அக்கா. அப்போ அந்த அம்மாவுக்குப் பயமில்ல. ஜெல்ல வேகம் ஓட்டிச் சொல்லணும், கேட்டோ." அவசரத்தில் மலையாளம் கலந்துவிடும் அவளுக்கு.

முதல் ஜெல் கரண்ட் போய் வீணானது. உட்கார்ந்து அழுதேன்.

இன்று காலை மறுபடியும் போட்டேன். ஓடிக்கொண்டிருக்கும்போது அவள் வீட்டுக்காரர் போன் செய்தார். அவர் சொன்னது காதில் விழுந்தது, மனசில் ஏறவில்லை. ஜெல்லை நான் நிறுத்தவில்லை. நிறுத்தி என்ன செய்ய...

மத்தியானம் கோடுகள் வந்தன. அவள் வாயில் இருந்தது வேறு. அவள் ரத்தத்தில் இருந்ததும் அந்தக் காலேஜ் பெண்ணின் ரத்தத்தில் இருந்ததும் ஒன்று.

ஜெல் படத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கூடப் பார்த்தேன். மாறவில்லை.

வார்டுக்குச் சொல்லிவிட்டேன். அந்த அம்மாவை வேறு ரூமுக்கு மாற்றுகிறார்கள். காலேஜ் பெண்ணுக்குக் காய்ச்சல் இறங்கவே இல்லை. யாராவது அவளுக்காக வேண்டிக்கொள்ளுங்கள், தயவுசெய்து. வேறு என்ன கேட்பதென்று எனக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் ராணியைப் போனக்காட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். வேனில் நானும் போகிறேன்.

உன்னுடையது இல்லைடி, ராணி. நீ ஆசைப்பட்டது மாதிரி வரவில்லை.