நயினாதீவுப் பக்கம் கேட்ட வெடி

சறோஜினிதேவிக்குக் கோபம் வந்தால் புங்குடுதீவில் பாதிப்பேர் வாய் திறக்கமாட்டோம். மற்றப் பாதி வெளிநாட்டில் இருப்பதால் தப்பித்துக்கொண்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடு சமைப்பவர் அவர். கீரையில் மண் கடிபட்டது என்று அதிபர் சொன்னதற்கு, மறுநாள் அவரையே கதிரை போட்டு இருத்திக் கீரை ஆயவைத்தார். நான் அடுத்த வளவுக்காரன், வேதநாதன். அந்தக் குரலுக்கு இன்னும் என் காது பழகவில்லை.

அவருடைய ஒரே மகள் லோஜனா, இலங்கைப் பெண்கள் உதைபந்தாட்ட அணிக்குக் கோல்காப்பாளராகத் தெரிவானபோது நாங்கள் மாலையோடு போய் நின்றோம். தாய் மட்டும் குசினியை விட்டு வெளியே வரவில்லை. ஏன் என்று ஊருக்குத் தெரியும். போரின் கடைசி நாட்களில், வன்னியில் வைத்துத் தன் தம்பி சிவகுமரனை அவரே கையைப் பிடித்துக் கூட்டிப்போய் நாட்டின் படையினரிடம் ஒப்படைத்தார். விசாரித்துவிட்டு விடுவதாகச் சொன்னார்கள். இன்றுவரை விடவில்லை. தம்பி எங்கே என்று கேட்டு, அவன் படத்தோடு அவர் போய்க் குந்தாத தெரு இல்லை.

“விளையாடு, நான் மறிக்கேல்லை,” என்று மகளிடம் சொன்னார். “ஆனா அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு என்ர படலைக்குள்ள வராதை.”

லோஜனாவும் அந்தத் தாய் பெற்ற பிள்ளைதானே. போனமுறை வந்தபோது, நாட்டின் பெயர் எழுதிய சட்டை ஒன்றை அலுமாரியின் அடித்தட்டில் வைத்துவிட்டுப் போனாள். தாய் அதை எறியவும் இல்லை, தொடவும் இல்லை.

உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றுக்கு எங்கள் அணி போவது அடி வாங்கத்தான் என்று நாங்களே பகிடி விடுவோம். இந்தமுறை என்ன நடந்ததோ, முதல் ஆட்டத்தில் வென்றுவிட்டார்கள். இரண்டாவதைச் சமன் செய்தாலே அடுத்த சுற்று. எதிரே நின்றதோ உலகக் கிண்ணத்திலேயே ஆடிய நாடு.

அன்று பின்னேரம் வாசிகசாலைத் தொலைக்காட்சிக்கு முன்னால் இருக்க இடமில்லை. சறோஜினிதேவி வந்து வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“தண்ணி பவுசர் எப்ப வருமெண்டு கேக்க வந்தனான்,” என்றார்.

பவுசர் காலையில் வந்து போனதையும், அதில் முதல் வாளி பிடித்தவர் அவர்தான் என்பதையும் நான் சொல்லவில்லை. எனக்கும் உயிர்மேல் ஆசை உண்டு.

எங்கள் தொலைக்காட்சிக்குப் படம் ஃபோனில் இருந்து வர வேண்டும். நின்று நின்று, பிந்தித்தான் வரும். கடலுக்கு அந்தப் பக்கம் நயினாதீவில் டிஷ் இருக்கிறது. அவர்கள் முந்திப் பார்த்துவிடுவார்கள். முதல் ஆட்டத்தில் எங்கள் கோல் திரையில் விழ முன்னரே, சோளகக் காற்றோடு அங்கிருந்து சீனவெடிச் சத்தம் வந்துவிட்டது. அதிலிருந்து எங்களுக்குக் கண்ணைவிடக் காதில்தான் நம்பிக்கை.

ஆட்டம் முழுக்கப் பந்து எங்கள் பக்கமே கிடந்தது. லோஜனா விழுந்தாள், எழும்பினாள், குத்தினாள், திரும்பவும் விழுந்தாள். கோல் விழவில்லை. தாயின் கை நிலையை விடவில்லை. முடிய இன்னும் கொஞ்ச நேரந்தான் என்றிருக்கையில் எங்கள் பிள்ளை ஒருத்தியின் கையில் பந்து பட்டுவிட்டது. பெனால்ரி. மற்ற அணிக்காரி பந்தை வைத்துவிட்டுப் பின்னால் நடந்தாள். அந்த இடத்தில் படம் உறைந்துபோனது.

எல்லாரும் காதைக் கடல்பக்கம் திருப்பினோம். அப்போதுதான் நயினாதீவுப் பக்கம் வெடி கேட்டது. ஒன்றல்ல, சரம் சரமாக.

கூரை பறக்கக் கத்தினோம். சறோஜினிதேவி உள்ளே வந்து என் கதிரையில் தொப்பென்று இருந்தார். அவர் அழுததை நான் கண்டிருக்கிறேன். சிரித்துக்கொண்டு அழுததை அன்றுதான் கண்டேன்.

“பிடிச்சிட்டாள்,” என்றார். “நான் கொக்கத்தடியால மாங்காய் பறிக்க, கீழ விழவிடாமல் ஏந்துறவள். இதைப் பிடிக்கமாட்டாளே?”

குறிகட்டுவான் துறையில் நயினாதீவுப் படகைக் கட்டிவிட்டு வந்த படகோட்டி பிரசாந்தன் வாசலில் நின்று எங்களை ஒரு மாதிரிப் பார்த்தான்.

“என்னத்துக்குக் கத்துறியள்? அது அங்க செத்தவீடு. பிரேதம் எடுக்கினம், அந்த வெடி.”

எங்கள் ஊர்களில் பிரேதம் போகும்போது வெடி கொளுத்துவது பிறந்த பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் அந்த நேரத்தில் ஒருவருக்கும் அது நினைவு வரவில்லை. சறோஜினிதேவி எழும்பப் பார்த்தார். என் கையை எட்டிப் பிடித்தார். வலித்தது.

படம் அசைந்தது. மற்ற அணிக்காரி ஓடிவந்து அடித்தாள். லோஜனா சரியான பக்கம்தான் பாய்ந்தாள். விரலில் பட்ட பந்து கம்பத்தில் மோதி உள்ளே போனது. கொஞ்ச நேரத்தில் ஆட்டமும் முடிந்தது. லோஜனா முகத்தைப் புல்லில் புதைத்தபடி கிடந்தாள். தாய் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

பயத்தில் நானும் பின்னால் போனேன். அலுமாரிக் கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. பிறகு கிணற்றடியில் தண்ணீர்ச் சத்தம். சறோஜினிதேவி அந்தச் சட்டையைப் பிழிந்து உதறிக்கொண்டு வந்து, முன்வேலியில், படலைக்குப் பக்கத்தில், நாட்டின் பெயர் தெருவைப் பார்க்கிற மாதிரி விரித்துப் போட்டார்.

“சிவகுமரன்...” என்று இழுத்தேன்.

“வெள்ளிக்கிழமை அவன்ர படத்தோட போய்க் குந்தத்தான் போறன். அதை நான் விடமாட்டன்.” சட்டையின் சுருக்கத்தைக் கையால் நீவினார். “இண்டைக்கு வெண்டிருந்தா, அண்ணை, இதைத் தூக்கிப் பிடிக்க நாடு முழுக்க ஆள் இருந்திருக்கும். நான் தேவையில்லை. என்ர பிள்ளை தோத்துப்போய் வாறாள். அவள் படலைக்குக் கிட்ட வரேக்க இது அவளின்ர கண்ணில படவேணும்.”