மச்சான் மூடிய குழி

உள்ளங்கையில் படுத்தவாக்கில் வைத்திருந்த தேங்காய், மூன்றாவது புத்தகத்துக்கு மேலே வந்ததும் எழுந்து நின்றது. கோழிப்பண்ணைக்காரர் வேண்டுமென்றே கட்டைவிரலை அசைத்ததை நான் பார்த்தேன். "பாயிண்ட்டு விழுந்துருச்சுங்கோ!" என்று அவர் கூவியதும் டீச்சர் சிரித்தார், நானும் சிரித்தேன். சிரிக்காதவர் என் மனைவியின் அண்ணன் மட்டும்தான்.

நாமக்கல்லுக்கு வெளியே அந்தப் பண்ணையின் அலுவலக அறையில் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் நாங்கள் நால்வரும் கூடுவோம். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாக மாறி, ஒருவர் கதையை நடத்த மற்றவர்கள் அதற்குள் நடந்து போகும் விளையாட்டு அது. பாத்திரம் என்ன செய்கிறது என்று நாம் வாயால் சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். எங்கள் பகடைகள் காகிதக்கூழ் முட்டை அட்டையில்தான் உருண்டன. கதையை நடத்துபவர் விடுதிப் பள்ளி ஒன்றில் வேதியியல் கற்பிக்கும் டீச்சர். பண்ணைக்காரர் மந்திரவாதி. மச்சான் கோடரி வீரன். நான் நாளிதழின் செய்திப் பிரிவில் வேலை பார்த்தவன் என்பதால் என்னை ஒற்றனாக்கிவிட்டார்கள்.

கதையை டீச்சரே முழுதும் கட்ட வேண்டியதில்லை. மாதக்கணக்கில் விளையாடும்படி அச்சிட்டு விற்கும் புத்தகங்கள் உண்டு. அவற்றைக் கேம்பெயின் என்போம். ஒன்று முடிந்து அடுத்ததைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்த அந்த மதியம், டீச்சர் மூன்றைப் பரப்பி வைத்தார். பனிமலை அடிவாரத்து ஊர் ஒன்று. சதிகள் நிறைந்த துறைமுக நகரம் ஒன்று. பூமிக்கடியில் அடுக்கடுக்காக இறங்கிக்கொண்டே போகும் அரண்மனை ஒன்று. ஒருமித்த கருத்து வரவில்லை. அதனால்தான் பண்ணைக்காரர், போர் போடும் முன் நீரோட்டப் பாயிண்ட் பார்ப்பதுபோலத் தேங்காயை எடுத்துக்கொண்டு மேசையைச் சுற்றினார். தேங்காய் எழுந்தது அரண்மனைப் புத்தகத்தின் மேல்.

மச்சான் போர் போடும் திருச்செங்கோட்டு ரிக் லாரிகளில் டிரில்லராக ஊர் ஊராகப் போனவர்; வேலை இல்லாத மாதங்களில்தான் ஊரில் இருப்பார். வெளிமாநிலத்தில் ஒரு தோட்டத்தில் அவர் போட்ட போர் ஒன்று தண்ணீர் வராமல் தூசியாகவே போனது. தோட்டக்காரர் கேட்டுக்கொண்டபடி, மண் சரியாமலிருக்க இறக்கிய கேசிங் பைப்பை உருவிக் கொடுத்துவிட்டு, வாயில் சாக்கைப் போட்டுக் கல் வைத்துவிட்டு வண்டி கிளம்பியது. பிறகு அந்தக் குழியில் ஒரு குழந்தை விழுந்தது. உயிரோடு எடுக்க முடியவில்லை. மச்சானுக்கு இது தொலைபேசியில் தெரிந்தது. எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் இது தெரியும், யாரும் பேசியதில்லை. மேசையிலிருந்த மற்ற இருவருக்கும் தெரியாது.

வேறு புத்தகம் எடுக்கலாம் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். மேசைக்கடியில் மச்சான் என் முழங்காலை அழுத்தினார். "பாயிண்ட்டு விழுந்துருச்சு மாப்ள. சொல்றது அவங்க, எறக்கறது நாம" என்றார் மெதுவாக. தொழிலில் அவர் கடைப்பிடித்தது அந்த ஒரே விதி. பாயிண்ட் காட்டிய இடத்தில் அவர் எதிர்த்துப் பேசியதே இல்லை.

அடுத்த ஞாயிறு விளையாட்டுத் தொடங்கியது. இடிந்த மண்டபத்தின் தரையில் ஒரு குழி. டீச்சர் புத்தகத்தைப் பார்த்து, உள்ளேயிருந்து குழந்தையின் குரல் கூப்பிடுவதாகச் சொன்னார்.

"ஏனுங் டீச்சர், குழி எவ்வளவு அகலமுங்க?" என்றார் மச்சான்.

"வாய் குறுகலுங்க. ஒரு கொடம் போகும்."

"பைப்பு எறக்கியிருக்குதுங்களா?"

பண்ணைக்காரர் சிரித்துவிட்டார். "ஏனுங்ணா, ராஜா காலத்துக்கே ரிக்கு வண்டியக் கொண்டாந்துட்டீங்க! அது பேயிங்ணா. கொழந்தையாட்டக் கூப்புட்டு உள்ள இழுத்துக்கும்."

"பேயின்னாப் பேயாவே இருக்கட்டும் சாமி. மேல எடுத்துட்டுப் பாத்துக்கலாம்."

கயிற்றில் சுருக்குப் போட்டு இறக்குவதாகச் சொல்லிப் பகடையை உருட்டினார். மிகச் சிறிய எண் விழுந்தது. விதிப்படி கயிறு நழுவியிருக்க வேண்டும். டீச்சர் பகடையைப் பார்த்தார், மேசை விளிம்பைப் பற்றியிருந்த மச்சானின் விரல்களைப் பார்த்தார். அவை வெளுத்திருந்தன. "கவுறு கனக்குதுங்க. பைய இழுங்க" என்றார். சற்றுப் பொறுத்து, "கொழந்தைங்க. மூச்சு இருக்குது" என்றார்.

"பொஸ்தகத்துல அப்படித்தான் போட்டிருக்குதுங்களா?"

"ஆமாங்க."

எதிரில் இருப்பவர் கையிலுள்ள அச்சுப்படியைத் தலைகீழாகப் படிப்பது எனக்குத் தொழிலில் வந்த பழக்கம். அங்கே குழந்தை எதுவும் இல்லை என்றுதான் புத்தகத்தில் இருந்தது. அந்தக் குரலுக்கு வேறொரு சொந்தக்காரன் இருந்தான்.

மச்சான் தலையசைத்தார். "செரிங்க. அப்ப மூடிட்டுப் போலாம்."

"மூடிட்டாக் கேம்பெயின் இத்தோட முடிஞ்சுருங்க. கீழ போறதுக்கு இது ஒண்ணுதான் வழி."

"முடியட்டுங்க."

பண்ணைக்காரர் ஒரு சாக்கைப் போர்த்திக் கல் வைத்துவிடலாம் என்றார். "சாக்கு ஆகாது சாமி. மூடுனாப்பல இருக்கும், மூடுனதாகாது" என்றார் மச்சான். மண்ணையும் கல்லையும் அள்ளிக் கொட்டுவதாக, இடித்துக் கெட்டிப்படுத்துவதாக, வாய்வரை நிரப்புவதாக ஒவ்வொன்றாகச் சொன்னார். நாங்களும் கூடவே அள்ளிக் கொட்டினோம். டீச்சர் பகடை கேட்கவில்லை. ஒரு முழு கேம்பெயின் முதல் மதியத்திலேயே முடிந்துபோனது.

திரும்பும் வழியில் காரில், "டீச்சர் பொய் சொல்லுச்சு, இல்ல மாப்ள?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன்.

போன வருடம் வெளிமாநிலத்தில் வேலையிடத்திலேயே அவருக்கு நெஞ்சுவலி வந்தது. ஆம்புலன்ஸில் உடலாகத்தான் ஊர் திரும்பினார். காரியம் முடிந்த வீட்டில் மற்ற இருவரிடமும் அந்தக் குழந்தையைப் பற்றிச் சொன்னேன்.

பல மாதம் கழித்து, சென்ற ஞாயிறு நாங்கள் மூவரும் மறுபடி உட்கார்ந்தோம். புத்தகத்தைப் பிரிக்கும் முன்பே டீச்சர், யாருக்கு எது வேண்டாம் என்று கேட்டார். பண்ணைக்காரர் அரண்மனைப் புத்தகத்தைத் தள்ளி வைத்தார். "அவரு மூடிட்டுப் போனதுங்க. அது அப்படியே இருக்கட்டும்."

பிறகு அவரே கேட்டார்: "ஏனுங் டீச்சர், அன்னைக்கு மேல எடுத்த கொழந்தைய என்னங்க பண்ணுனோம்?"

யாருக்கும் நினைவில்லை. நினைவிருக்க வழியும் இல்லை. மூடுகிற மும்முரத்தில் அதை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. இத்தனை நாளாக அது அந்த மண்டபத்தில், மண்மேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது.

"அதும்பட ஊட்ல கொண்டுபோயி உடணுமில்லீங்களா" என்றார் பண்ணைக்காரர்.

டீச்சர் மீதமிருந்த இரண்டு புத்தகங்களையும் புரட்டினார். துறைமுக நகரத்தில் மாளிகைகளும் கிடங்குகளும்தான் இருந்தன. பனிமலைப் புத்தகத்தின் முதல் படத்தில், ஊர்க்கோடியில் கதவு திறந்த ஒரு சிறிய வீடு. "இங்க உடலாங்க" என்று அதையே எடுத்து வைத்தார். தேங்காய் தேவைப்படவில்லை.

மந்திரவாதி குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டான். ஒற்றனாகிய நான் அதன் பெயரைக் கேட்டேன்.

டீச்சர் புத்தகத்தைப் பார்க்கவில்லை. "அது இன்னும் பேசலைங்க" என்றார்.