மடித்துக் கொடுத்த சிபாரிசுக் கடிதம்

பெரியப்பாவின் லெட்டர் பேடில் கால்வாசிப் பக்கத்தைக் கட்சித் தலைவரின் படமே அடைத்துக்கொள்ளும். அதற்குக் கீழே ‘வட்டச் செயலாளர்’ என்று பெரியப்பாவின் பதவி. மிச்சமிருக்கும் இடத்தில்தான் ஜனங்களின் கஷ்டம். ராயப்பேட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில் காலைக் காப்பிக்கு முன்பே ஆட்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் சீட், ரேஷன் கார்டு, விதவைப் பென்ஷன், ஆஸ்பத்திரியில் மாமியாருக்கு ஒரு கட்டில். எல்லாருக்கும் ஒரே வாசகம்தான்: ‘இக்கடிதம் கொண்டுவருபவர் நமக்கு மிகவும் வேண்டியவர். ஆவன செய்யவும்.’ எதிர்க்கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவர் என்று தெரிந்தாலும் அவரும் ‘மிகவும் வேண்டியவர்’தான். கேட்டால், “வாசப்படி ஏறி வந்துட்டான், அப்புறம் இன்னா வேண்டாதவன்?” என்பார். என் கையெழுத்து கொஞ்சம் பார்க்கும்படி இருந்ததால் கல்லூரிக்குக் கிளம்பும் முன் நான்தான் எழுதுவேன். அவர் கையொப்பம் மட்டும் போடுவார், அதுவும் ஏதோ சட்டமே இயற்றுகிற தோரணையில். எனக்குச் சிரிப்பும் வரும், பெருமையாகவும் இருக்கும்.

இப்போது பெருங்குடியில் இருக்கிறேன். சாக்கடை அடைத்தால் போனில் புகார் கொடுக்கிறேன். உடனே ஒரு எண் வருகிறது. வேலையும் நடந்துவிடுகிறது, குறை சொல்ல முடியாது. ஆனால் நான் யாருக்கும் வேண்டியவள் இல்லை என்று சில நாள் தோன்றுகிறது.

பெரியப்பாவுக்கு ஒரு பரம எதிரி உண்டு. அடுத்த தெருவில் இருந்த மாற்றுக் கட்சியின் வட்டச் செயலாளர். தேர்தல் வந்தால் இருவருக்கும் சுவர்ச் சண்டை. ஒருவர் வெள்ளையடித்து வைத்த சுவரில் இன்னொருவரின் ஆள் சின்னத்தை வரைந்துவிட்டால் போச்சு, தெருவே கூடிவிடும். அப்படியே வருஷக்கணக்காக மூஞ்சி கொடுத்துப் பேசாமல் இருந்தார்கள்.

ஆட்சி மாறி, பெரியப்பாவின் கட்சி வெளியே போய் அந்த எதிரியின் கட்சி உள்ளே வந்த சமயத்தில்தான் பெரியப்பாவுக்கு மூச்சுத் திணறல் வந்தது. லெட்டர் இல்லாமல் பெரிய ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைக்காது என்று எங்கள் வீட்டில் எல்லாரும் நம்பினோம். நாங்களே எழுதி எழுதி நம்பிவிட்ட விஷயம் அது. பெரியப்பாவின் லெட்டரை இனி யார் மதிக்கப்போகிறார்கள்? பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை அடுத்த தெருவுக்கு அனுப்பினாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த மனிதர் பாதியில் கை கழுவிவிட்டு எழுந்தார். லெட்டரை எழுதி, ஆட்டோவையும் பிடித்துக்கொண்டு என்னோடு வந்துவிட்டார்.

பெரியப்பா லெட்டரைப் பார்த்தார். மேலே மாற்றுக் கட்சித் தலைவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

“அந்த ஆளு மூஞ்சி போட்ட பேப்பரை வெச்சிக்கினு நான் போய்ப் படுக்கணுமா? இங்கியே சாவறேன், போ!”

உதடு நீலம் பாரித்துக் கிடக்கிறது, பேச்சைப் பாருங்கள்! எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது. வந்தவர் கோபித்துக்கொள்ளவில்லை. தன் தலைவரின் படம் தெரியாதபடி தாளின் மேல்பகுதியைப் பின்பக்கமாக மடித்தார். கிழிக்கச் சொன்னால் உயிரே போனாலும் கிழித்திருக்க மாட்டார். மடித்த சேதி கட்சிக்குத் தெரிந்தாலே அவர் பதவிக்கு ஆபத்துதான்.

“இப்ப வெறும் என் எழுத்துதான் கீது, அண்ணே. எந்திரி,” என்றார்.

பெரியப்பா அந்த மடிப்பையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவர் தோளைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினார்.

ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் சின்ன வயதுப் பெண். பெரியப்பாவைக் கண்டதுமே கட்டிலில் படுக்கவைத்து ஆக்சிஜன் வைக்கச் சொல்லிவிட்டார். நான் லெட்டரை நீட்டினேன். “அதெல்லாம் வேணாம்மா, கொஞ்சம் தள்ளுங்க,” என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியிடம் போய்விட்டார். அப்பாடா என்றிருந்தது எனக்கு. கூட வந்த மனிதர் மட்டும் வேட்டி நுனியைத் திருகிக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார். பெரியப்பா அதைக் கவனித்துவிட்டார்.

மாஸ்க்கை விலக்கிவிட்டு என் கையைப் பிடித்து இழுத்தார்.

“பாப்பா, டாக்டரம்மாவைத் திருப்பிக் கூப்புடு. படிக்கச் சொல்லு. அவன் கையெழுத்து போட்டுக் குடுத்துகீறான்.”

மூச்சு வாங்கியது. என் கையை விடவில்லை.

“அந்த மடிப்பைப் பிரிச்சிக் குடு. தலைவர் படம் தெரியலன்னா எவன் மதிப்பான்?”