சிவகௌரியின் மேட்டுப்பாத்தி

கனகலிங்கம் எனக்குத் தம்பி முறை. என் அம்மாவும் அவன் அம்மாவும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். என் அம்மா மூத்தவர், அவன் அம்மா நாலாவது. இடையில் பிறந்த இரண்டு பேரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் கனகுவிடம் வந்து சேர மாட்டேன். அவர்களை விடுகிறேன்.

அவன் யாழ்ப்பாணத்துக் குப்பிழானில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் பயிர் செய்தவன். எண்பத்தாறாம் ஆண்டு மாசி மாதம் லண்டனுக்கு வந்து, மனோர் பார்க்கில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு வருடம் இருந்தான். பிறகு பாண் ரொட்டி போடுகிற தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்து, பார்க்கிங் என்கிற பகுதியில் ஓர் அறை எடுத்துக்கொண்டு போனான். மனைவி சிவகௌரி ஊரில். கலியாணம் முடித்து ஒன்றரை வருடம்தான் சேர்ந்திருந்தவர்கள். அகதிக் கேஸ் சரிவந்தவுடன் கூப்பிடுகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டு வந்தவன்.

அந்தக் கலியாணப் பேச்சில் நடந்த ஒன்றை இங்கே சொல்லத்தான் வேண்டும். சிவகௌரி நாவற்குழிப் பெண், தாய் தகப்பனுக்கு ஒரே பிள்ளை. தகப்பன் சீதனமாகப் பத்துப் பரப்புத் தரவை தருகிறேன் என்றார். தரவை என்றால் கடல்நீரேரி ஓரத்துத் தாழ்ந்த தரை. மாரியில் முழங்கால் தண்ணீர் நிற்கும், கோடையில் வெடித்துக் கிடக்கும். கனகு செம்மண்காரன். எல்லோரும் இருக்கத்தக்கதாக, "மாரியிலை மீன் பிடிக்கலாம், கோடையிலை உப்பு அள்ளலாம், தோட்டம் செய்யேலாது மாமா, நீங்களே வைச்சிருங்கோ" என்று சொல்லிப்போட்டான். சீதனம் வேண்டாம் என்றது நல்ல காரியம், சொன்ன விதம்தான் கூடாது. அந்த மனுசன் அந்தத் தரவையில் கத்தரியும் மிளகாயும் செய்துதான் பிள்ளையை வளர்த்தவர். தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழும்பிப் போனார். பெண் சம்மதம் என்றபடியால்தான் கலியாணம் நடந்தது. மறு வருடம் அவர் காலமாகிவிட்டார்.

இனி லண்டன் கதை. எண்பத்தொன்பதில், பார்க்கிங்கில் சின்ன ஆறு தேம்ஸுக்கு இறங்குகிற பக்கத்தில், தோட்டத்துண்டு ஒன்று சும்மா கிடக்கிறது என்று தொழிற்சாலையில் யாரோ சொன்னார்கள். கவுன்சில் நிலம், ஒரு சங்கம் பார்த்து நடத்துகிறது. கடைசி வரிசைத் துண்டு என்றபடியால் அதை எவரும் எடுக்கவில்லை. கனகு அடுத்த நாளே போய்க் கையெழுத்து வைத்தான். அதற்குப் பிறகு அவன் முகம் மாறிப்போயிற்று. ஷிப்ட் முடிந்தால் நேரே அங்கேதான்.

குப்பிழானில் செம்மண். விட்ட தண்ணீர் கண் மூடித் திறக்கமுதல் இறங்கிவிடும். அதனால் பாத்தியைப் பள்ளமாக இறக்கி, சுற்றிவர வரம்பு கட்டி, வாய்க்காலால் கிணற்றுத் தண்ணீரை விட்டு நிறுத்துவார்கள். கனகுவின் கைக்கு அது ஒன்றுதான் தெரியும். பார்க்கிங்கிலும் அப்படியே செய்தான். சாண் ஆழத்துக்கு இறக்கி, நூல் பிடித்து வரம்பு கட்டி, எட்டுப் பாத்தி. வாய்க்கால் வேறு. என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான். பார்க்க அவ்வளவு வடிவு.

பக்கத்துத் துண்டு ஒரு வெள்ளைக்காரக் கிழவருடையது. அவர் பலகையால் பெரிய பெட்டிகள் அடித்து, அதற்குள் மண் நிரப்பி வைத்திருந்தார். கனகுவின் பாத்திகளைப் பார்த்துத் தலையை ஆட்டி, தன் பெட்டிகளைக் காட்டி ஏதோ சொன்னார். கனகுவுக்கு அவர் இங்கிலீஷ் விளங்கவில்லை, விளங்க வேண்டும் என்றும் அவன் நினைக்கவில்லை. "மனுசன் சவப்பெட்டி செய்து வைச்சு அதுக்கை கரட் நடுகுது அக்கா" என்று எனக்குச் சொல்லிச் சிரித்தான்.

அடுத்த வருடம் சித்திரை மழை பெய்தது. எட்டுப் பாத்தியும் எட்டுக் குளமாயின. வெங்காயம் வழவழத்துப்போயிற்று. கிழங்கைத் தோண்டினால் கையோடு கூழாக வந்தது, மணம் தாங்க ஏலாது. கிழவரின் சவப்பெட்டிகளில் கரட் பச்சைப்பசேல் என்று நின்றது.

கனகு ஒரு மூலையில் முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டிப் பார்த்தான். மேலே ஒரு சாண் கறுத்த மண். அதற்குக் கீழே வெளிறின சாம்பல் மண், அதில் கறள் பிடித்த ஆணியைப் பிடுங்கின இடம் மாதிரிச் செம்மஞ்சள் கோடுகள். அடியில் நீலம் பாரித்த களி, அழுகின முட்டை மணம். காலையில் வெட்டின குழியில் மத்தியானம் பாதிக்குத் தண்ணீர் ஏறி நின்றது.

என்ன செய்யலாம் என்று அந்தக் கிழவரைக் கேட்டிருக்கலாம். கேட்டால் அவர் சந்தோசமாகச் சொல்லிக் கொடுத்திருப்பார். கனகு சிவகௌரிக்கு எழுதினான்.

அதற்கு முன்பு அவர்களுடைய கடிதங்கள் சுருங்கிப்போயிருந்தன. நலம், நலமறிய ஆவல், கேஸ் முடியவில்லை, வேலை பரவாயில்லை. நாலு வருடமாக அதையே எழுதினால் ஒரு நீல விமானக் கடிதத்தின் முதல் பக்கமே நிரம்பாது. அன்று அவன் நாலு பக்கம் எழுதினான். மண்ணின் நிறம், மணம், குழியில் தண்ணீர் ஏறின உயரம், செத்துப்போன வெங்காயம், எல்லாம். முடிவில், மாமாவிடம் அன்றைக்கு அப்படிச் சொன்னது பிழை என்றும் எழுதியதாக எனக்குப் பிற்காலத்தில்தான் சொன்னான்.

தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாதம் அது. ஊரில் சண்டை மூண்டு பாதை அடைபட்டது. எட்டு மாதம் பதில் இல்லை. மனோர் பார்க் முருகன் கோவிலில் கண்டால் நான் கேட்கமுதலே தலையை ஆட்டுவான். கோபத்தில் இருக்கிறாளோ, உயிரோடு இருக்கிறாளோ என்று இரண்டையும் யோசித்துக்கொண்டு எட்டு மாதம் பாண் சுட்டான்.

அடுத்த பங்குனியில் கடிதம் வந்தது. அதைக் கொண்டுவந்து எங்கள் குசினியில் அடுப்பருகே நின்று வாசித்துக் காட்டினான். முதல் வரியே இதுதான்: "எல்லாம் விவரமாக எழுதியிருக்கிறீர்கள், மீன் எவ்வளவு பிடிபட்டது என்று எழுதவில்லையே."

வாசித்துவிட்டுச் சிரித்தான், பிறகு சட்டை முனையால் கண்ணைத் துடைத்தான். மிச்சம் முழுக்கத் தோட்டக்காரி கடிதம். இது ஐயாவின் தரவை மண்ணேதான், உப்பு மட்டும் குறைவு. கறள் கோடு எந்த ஆழத்தில் தொடங்குகிறதோ அதுவரைக்கும் மாரியில் தண்ணீர் ஏறும், கோடையில் பார்த்து ஏமாறக்கூடாது. வேர் அந்தக் கோட்டுக்கு மேலே நிற்க வேண்டும். பள்ளம் வெட்டக் கூடாது. பாத்திகளுக்கு நடுவே வடிகான் வெட்டி, அந்த மண்ணை இரண்டு பக்கமும் ஏற்றி ஒரு முழம் உயர்த்த வேண்டும். ஈரத்தில் மிதிக்கக் கூடாது, மிதித்தால் கல்லாகிவிடும். கடைசியில் எழுதியிருந்தாள்: "எனக்கென்று ஒரு பாத்தி கட்டி வையுங்கள். அதில் நீங்கள் ஒன்றும் நடவேண்டாம். நான் வந்து நடுவேன்."

அந்தக் கோடையில் கனகு எட்டுப் பாத்தியையும் உடைத்து, ஆறு மேட்டுப்பாத்தி கட்டினான். இங்கத்தை மண்வெட்டியைக் காலால் மிதித்துத் தோண்ட வேண்டும், எங்களுடையதைக் கையால் வெட்டி இழுக்க வேண்டும். இழுக்கிற மண்வெட்டி ஒன்றைத் தேடி லூயிஷாம் சந்தைவரை அலைந்தான். மறு வருடம் ஐந்து பாத்தியில் வெங்காயமும் கிழங்கும் கீரையும் செழித்து வந்தன. ஆறாவது வெறுமையாக இருந்தது. புல் ஒன்று தலைகாட்ட விடமாட்டான், விதை ஒன்றும் போடமாட்டான். வீடு கூட்டி வைத்த மாதிரி அதை வைத்திருந்தான்.

தொண்ணூற்றுமூன்றில் மனைவியைக் கூப்பிடலாம் என்று கடிதாசி வந்தது. அதே மாதம் சிவகௌரியின் தாய் பாரிசவாதம் வந்து படுக்கையில் விழுந்தார். வேறு பிள்ளை இல்லை, யாரிடம் விட்டுவிட்டு வருவது? "அம்மா இருக்கிறா" என்று அவள் எழுதுவாள். அம்மா எப்போது இல்லாமல் போவார் என்று கேட்க முடியுமா? மனதிலும் நினைக்கக் கூடாது. கனகு பாத்தியில் புல்லைப் பிடுங்கினான்.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில், ஆமி வருகிறது என்று யாழ்ப்பாணத்துச் சனம் முழுக்க நாவற்குழிப் பாலத்தால் கடந்து போனது. அதன் பிறகு சிவகௌரியிடமிருந்து ஒரு சொல் இல்லை.

இந்த நிலையில்தான் தோட்டத்துச் சங்கத்திலிருந்து மூன்றாவது எச்சரிக்கைக் கடிதம் வந்தது. கொழும்பில் கிளாக்காக இருந்த என் வீட்டுக்காரர் பத்மநாதன்தான் அவனுக்கு இங்கிலீஷ் வாசித்துக் கொடுப்பார். நிலத்துக்கு இப்போது ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள், சும்மா கிடக்கிற பாத்தியில் இந்தச் சித்திரைக்குள் பயிர் வைக்காவிட்டால் துண்டைத் திருப்பி எடுப்போம் என்று எழுதியிருந்தது. சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதானே, அவர்களில் பிழை இல்லை.

"நாலு கிழங்கை ஊண்டிவிடு கனகு. அவ என்ன, வந்து பாக்கவே போறா?" என்றார் இவர்.

கனகு கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். "வந்து பாத்தா என்ன சொல்லுறது அத்தான்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டான். இரண்டு கிழமை எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து இவரைத் துணைக்குக் கேட்டான். நானும் போனேன். சங்கத்துச் செயலாளர் தடித்த சப்பாத்துப் போட்ட ஒரு பெண்பிள்ளை, கையில் பட்டியலோடு வந்தாள். கனகு சொல்லச் சொல்ல இவர் இங்கிலீஷில் சொன்னார். துண்டில் பாதியை வரிசையில் நிற்கிற ஆளுக்குக் கொடுங்கோ, மற்றப் பாதியை நான் வைத்திருக்கிறேன். எந்தப் பாதி என்று அவள் கேட்டாள். கனகு கையை நீட்டிக் காட்டினான். மேல் பக்கத்து மூன்று பாத்தி, வெங்காயம் செழித்து நின்ற மூன்று பாத்தி, அதைக் கொடுக்கிறானாம். கீழ்ப்பக்கத்து ஈரப்பாதியை, வெறும் பாத்தியோடு, தான் வைத்திருக்கிறானாம், அந்தப் பாத்தியில் பயிர் வைக்க ஒரு வருடத் தவணை மட்டும் தந்தால் போதுமாம்.

அவளுக்கு விளங்கவில்லை, திரும்பவும் கேட்டாள். பெட்டிக் கிழவர் வேலிக்கு அந்தப் பக்கம் தன் வேலையை விட்டுவிட்டு நின்றார். அவர் அவளைக் கூப்பிட்டு இரண்டு வார்த்தை சொன்னார். ஐந்து வருடமாக இந்த மனுசன் அந்த மேட்டைத் துப்புரவாக்குவதை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அது தரிசு இல்லை என்று சொன்னதாக இவர் எனக்குச் சொன்னார். அவள் சரி என்று பட்டியலில் எழுதிக்கொண்டு போனாள்.

கார்த்திகை மாதம் தொலைபேசி வந்தது, கொழும்பிலிருந்து. தாய் கிளிநொச்சியில், இடம்பெயர்ந்த இடத்தில், ஆடி மாதமே காலமாகிவிட்டாராம். சிவகௌரி தனியே கொழும்புக்கு வந்து ஒரு லொட்ஜில் தங்கி விசாவுக்கு நிற்கிறாளாம். கனகு என்னிடம் வந்து சொல்லும்போது முகத்தில் சந்தோசத்தைக் காட்டப் பயந்தான். செத்த வீட்டுச் செய்தியும் கூட வந்ததல்லவா.

தொண்ணூற்றேழு மாசியில் அவள் வந்து இறங்கினாள். பதினொரு வருடம். விமான நிலையத்தில் இரண்டு பேரும் ஒரு கை தூரத்தில் நின்று, பெட்டி பாரமோ என்று அவனும், இல்லை என்று அவளும் பேசிக்கொண்டார்கள். அவள் தலை பாதி நரைத்திருந்தது. மூன்றாம் நாள், தோட்டத்தைப் பார்க்க வேண்டும் என்றாள்.

தூறல். நான் குடை பிடித்தேன். துண்டு முழுக்கத் தண்ணீர், மேட்டுப்பாத்திகள் மட்டும் தலையைக் காட்டிக்கொண்டு கிடந்தன. சிவகௌரி சேலையை ஏற்றிச் செருகி, என் மழைச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு இறங்கினாள். தன் பாத்தி எது என்று கேட்கவில்லை. வெறும் பாத்தியின் ஓரத்தில் குந்தி, முழங்கையை நட்டு வைத்து அளந்தாள். விரல்கள் மேட்டைத் தாண்டி மேலே நின்றன.

"ஒரு முழம் எண்டெல்லோ எழுதினனான்? இது முக்கால்தான்."

"முழமாத்தான் கட்டினனான்" என்றான் கனகு. "ஆறு மாரி பாத்திட்டுது. மண் இருந்து இருந்து இறங்கிப்போச்சு. ஏத்தியிருப்பன். உம்மட பாத்தி எண்டு கை வைக்கேல்லை."

அவள் ஈர மண்ணைப் பிசைந்துகொண்டிருந்தாள். பிறகு மேல் பக்கத்தைப் பார்த்தாள். அங்கே புதிதாக வந்த ஆளின் முட்டைக்கோவா வரிசையாக நின்றது.

"அந்த நல்ல பாத்தியள் ஆருடையது?"

கனகு கானைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான்தான் சொன்னேன், அவை முன்பு அவனுடையவை என்பதையும், எதற்காகக் கொடுத்தான் என்பதையும்.

சிவகௌரி குந்தினபடியே முகத்தைப் புறங்கையால் வழித்தாள். மழைத்தண்ணீரா கண்ணீரா என்று நான் பார்க்கப் போகவில்லை. பிறகு எழும்பி, கையைச் சேலையில் துடைத்தாள்.

"இஞ்சாருங்கோ" என்றாள், "மண்வெட்டியைத் தாங்கோ. ஈரத்தை மிதியாமல் அந்தப் பக்கம் நில்லுங்கோ. கால் முழம் ஏத்தினால்தான் சித்திரைக்கு நடலாம்."