காணிப்பாக்கத்து வாசலில் சொன்ன தீர்ப்பு

போன செவ்வாய்க்கிழமை திருப்பதியிலிருந்து சித்தூர் நீதிமன்றத்துக்குப் போய் வந்தேன். எங்கள் எஸ்தர் சித்தி மேல் திருட்டு வழக்கு. அவர் பக்கத்துச் சாட்சி நான்தான். நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்குப் பேச்சே வராது. ஒன்பதாவதோடு பள்ளியை விட்டதற்கு அதுவும் ஒரு காரணம். எழுதுவதென்றால் பயமில்லை.

சித்தி காணிப்பாக்கத்தில், பிள்ளையார் கோயில் பக்கத்து லாட்ஜ் ஒன்றில் அறை பெருக்கும் வேலை செய்தார். நான் கூட இருந்து துணி துவைப்பேன். போன வருடம் ஒரு காலையில், சாமி பார்த்துவிட்டு வந்த குடும்பம் அறையில் வைத்த சங்கிலியைக் காணோம் என்றது. வாசலில் கூட்டம் கூடியது. எல்லோரும் வெளியூர் பக்தர்கள். யாரோ ஒருவர், "குளத்துல முழுகிட்டு வந்து சாமி எதிர்ல பிரமாணம் பண்ணும்மா, தெரிஞ்சிடும்" என்றார். காணிப்பாக்கத்தில் அது வழக்கம்தான். அந்தச் சாமி முன்னால் யாரும் பொய்ச் சத்தியம் செய்ய மாட்டார்கள் என்று நம்பிக்கை. அந்த நம்பிக்கை மேல் எனக்குக் கோபமில்லை.

ஆனால் நாங்கள் மிஷன் சர்ச் குடும்பம். பைபிளில் வேண்டாம் என்று இருப்பதால், சித்தி எந்தச் சத்தியமும் செய்யாதவர். "எடுக்கலன்னா எடுக்கல. என் பேச்சு அவ்வளோதான்" என்றார்.

"பாத்தியா, பயந்துக்கினா!" என்றது ஒரு குரல். முடிந்தது வழக்கு. காலையிலிருந்து சித்தி என்னோடு மாடியில் போர்வை பிழிந்துகொண்டிருந்தார் என்று நான் சொன்னேன். "நீ போம்மா அந்தாண்ட" என்று தள்ளிவிட்டார்கள். சங்கிலிக்காரர்கள் போலீசில் புகார் எழுதிக் கொடுத்தார்கள்.

சரி, பயணத்துக்கு வருகிறேன். திருப்பதியில் காலை ஏழேகாலுக்கு பஸ். சித்தூர் எழுபது கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். பெண்களுக்கு டிக்கெட் இலவசம், ஆதார் கட்டாயம். பாகாலாவில் ஏறிய பூக்காரம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே போகிறாய் என்று கேட்டார். சொன்னேன்.

"பிரமாணம் பண்ணமாட்டேன்னுச்சா? அப்போ எடுத்துதான் இருக்கும்" என்றார், பூவைக் கட்டிக்கொண்டே. சித்தியை அவர் பார்த்தது கூட இல்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சித்தூர் பஸ் நிலையத்திலிருந்து ஷேர் ஆட்டோ இருபது ரூபாய். "கோர்ட்டா? யாரைப் போட்டுத் தள்ளின பாப்பா?" என்றார் ஆட்டோக்காரர். சிரிக்க முடியவில்லை.

சித்தி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். வழக்குப் போட்ட பிறகு எந்த லாட்ஜிலும் அவருக்கு வேலையில்லை. தண்டனை வந்தால் சிறை. எங்களுக்கு இலவசமாக வாதாடும் வக்கீல் அக்காவிடம், "படத்துல வர்ற மாதிரி பன்னெண்டு பேர் உக்காந்து கேப்பாங்களாக்கா?" என்று கேட்டேன்.

"ஜூரியா? நம்ம நாட்லயும் இருந்துச்சு, எப்பவோ எடுத்துட்டாங்க. ஊர்ப் பேச்சைக் கேட்டுக்கினு வந்து தீர்ப்பு சொல்லிடுவாங்கன்னு பயம். இப்போ ஜட்ஜ் ஒருத்தர்தான்."

எடுத்துவிட்டார்களாம்! அப்படியானால் லாட்ஜ் வாசலில் நின்றது என்ன? ஜூரி என்றால் இரண்டு பக்கமும் கேட்டுவிட்டுத்தானே முடிவு சொல்லும்? இவர்கள் ஒரு பக்கம் கூடக் கேட்கவில்லை.

பன்னிரண்டு மணிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். கூண்டில் ஏறியதும், "கடவுள் பேரில் சத்தியம் பண்றியா, இல்ல வெறும் உறுதிமொழி சொல்றியா?" என்று குமாஸ்தா கேட்டார். உறுதிமொழி என்றேன். அரை நிமிடத்தில் முடிந்தது, யாரும் முகம் சுளிக்கவில்லை. இவ்வளவு சின்ன விஷயத்துக்கா என் சித்தியைத் திருடி ஆக்கினீர்கள்?

அரசு வக்கீல் கேட்டார். "பிரமாணம் பண்ணச் சொன்னப்போ உங்க சித்தி மாட்டேன்னாங்களா, இல்லையா?"

"மாட்டேன்னாங்க."

"தப்பு பண்ணலன்னா என்ன பயம்?"

என்னவோ முனகினேன். "சத்தமா சொல்லும்மா, உன் பேச்சைக் கேக்கத்தான் உக்காந்திருக்கேன்" என்றார் ஜட்ஜ், பாதி தெலுங்கிலும் பாதி தமிழிலும்.

"பயம் இல்ல சார்! பாலைப் பூனை குடிச்சிதா நீ குடிச்சியான்னு கேட்டாகூட அவங்க சத்தியம் பண்ணமாட்டாங்க. அன்னிக்கு என்கூட மாடியிலதான் இருந்தாங்க. அங்க கத்திக்கினு இருந்தவங்கள்ல ஒருத்தராவது இங்க வந்து, எடுத்ததைப் பாத்தேன்னு சொன்னாங்களா சார்?"

அறை முழுக்க என் குரல்தான். ஜட்ஜ் அரசு வக்கீலைப் பார்த்தார். அவர் காகிதத்தைப் புரட்டினார். அந்தக் கூட்டத்திலிருந்து ஒருவர் கூடச் சாட்சிக்கு வரவில்லை. பேர் கூட யாருக்கும் தெரியாது. லாட்ஜ் வாசலிலேயே தீர்ப்பைச் சொல்லிவிட்டு, அவரவர் பஸ் ஏறிப் போய்விட்டார்கள்.

சித்தூர் தீர்ப்பு அடுத்த மாதம். சித்தி விடுதலையானாலும் பூக்காரம்மா மாறப்போவதில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

சாட்சிக்குப் போகிறவர்களுக்கு: பத்து மணிக்குள் போய்விடுங்கள், போனை அணைத்துவையுங்கள், உட்கார இடம் கிடைக்காது, சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள்.

காணிப்பாக்கத்துக்குப் போகிறவர்களுக்கு: திருப்பதி, சித்தூர் இரண்டு ஊரிலிருந்தும் பஸ் உண்டு. நிம்மதியாகச் சாமி கும்பிடுங்கள். லாட்ஜ் வாசலில் யாரையாவது நடுவில் நிறுத்திக் கூட்டம் கத்திக்கொண்டிருந்தால், உங்களையும் ஒரு வார்த்தை கேட்பார்கள். கண்ணால் பார்க்காவிட்டால், "நான் பார்க்கவில்லை" என்று சொல்லுங்கள். அன்றைக்கு நாற்பது பேர் நின்றார்கள். ஒருவர் வாயிலிருந்தும் அது வரவில்லை.