பாக்கியத்தின் வயது

வேலாயி பத்து வருஷமாக ஒரு கல்யாண வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. கொஸ்லந்தையில் தங்கச்சி பிள்ளைக்குக் காதுகுத்து நடந்தபோதும் போகவில்லை. அக்காவுக்கு ஏதோ கோபமென்று நினைத்துத் தங்கச்சி பேச்சை நிறுத்திவிட்டாள். கோபமுமில்லை, ஒரு மண்ணுமில்லை. மகள் பாக்கியத்தைத் தூக்கிக்கொண்டு அத்தனை தூரம் மலை இறங்கி ஏற முடியாது, விட்டுவிட்டுப் போகவும் ஆளில்லை.

பாக்கியத்துக்குப் பிறந்ததிலிருந்தே கை கால் விறைப்பு. நிற்கமாட்டாள், பேசமாட்டாள். தலையைத் தாங்கிப் பிடித்து ஒவ்வொரு வாயாகக் கஞ்சி ஊட்டவேண்டும், அவசரப்பட்டால் புரையேறும். ஆனால் ஆளைப் பார்த்துச் சிரிப்பாள், பேரைச் சொன்னால் திரும்புவாள். அப்புத்தளைப் பரியாரி கொடுத்த எண்ணெய் தீர்ந்தது, விறைப்பு தீரவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு வாக்கில், இலங்கை மலைநாட்டில் பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் அவர்கள் இருந்தார்கள். கொழுந்து பறிக்கும் பெண்கள் குழந்தைகளைப் பிள்ளைமடுவத்தில் விட்டுப் போவார்கள், ஆயம்மா பார்த்துக்கொள்வாள். பத்து வயதானால் பேர் பதிந்து வேலைக்கு வந்துவிட வேண்டும், பிறகு மடுவத்தில் இடமில்லை. பாக்கியத்துக்குப் பத்து முடிந்துவிட்டது. ஆள் வளராததால் வேலாயி ஏழு என்றே சொல்லிவந்தாள். ஆயம்மாவுக்கு விஷயம் தெரியும், ஆனால் வாயைத் திறக்கவில்லை.

மடுவம் இல்லையென்றால் பிள்ளையை அவர்கள் குடியிருந்த லயத்துத் தூணில் கட்டிவைத்துவிட்டுத்தான் போகவேண்டும். ஒருமுறை அப்படிச் செய்தாள். மாலையில் வந்து பார்த்தால் பிள்ளையின் வயிற்றில் கயிறு பதிந்து ரத்தம் கட்டியிருந்தது. இனிச் செத்தாலும் கட்டமாட்டேன் என்று புருஷன் ரெங்கசாமியிடம் சொல்லிவிட்டாள். வேலைக்குப் போகாமல் இருக்கலாமென்றால் அவள் பங்கு அரிசி கிடைக்காது.

அந்த வருஷம் புதுக் கணக்கப்பிள்ளை வந்தார். கெட்டிக்காரர், அதுதான் வினை. பிறப்புப் புத்தகத்தைப் புரட்டி, பத்து வயதான பிள்ளைகளின் பேரையெல்லாம் எழுதி, விடிகாலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தும் பெரட்டில் கூப்பிட்டார். "ரெங்கசாமி மகள் பாக்கியம்" என்றதும் எல்லோரும் வேலாயியைப் பார்த்தார்கள். காய்ச்சல் என்றாள். மறுநாளும் காய்ச்சல். மூன்றாம் நாள், நாளைக்கும் வராவிட்டால் கங்காணியை லயத்துக்கு அனுப்பி இழுத்துவரச் சொல்வேன் என்றார். வேலைக்குக் கள்ளமடிக்கிறவர்களுக்கு அதுதான் வழக்கம். கங்காணி வந்து பார்த்தால் லயம் காலியாக இருக்கும், பிள்ளை மடுவத்தில் கிடக்கிற சங்கதி வெளியாகிவிடும்.

இதற்கு நடுவில் வேலாயிக்குத் திருட்டுத்தனமாக ஒரு சந்தோஷமும் இருந்தது, மறைப்பானேன். லயத்தில் எல்லோருக்கும் பாக்கியம் "அந்தப் புள்ள"தான். இந்த மூன்று நாள் காலையிலும் மற்றப் பிள்ளைகளின் பேரோடு பேராக மகளைக் கூப்பிட்டது பெற்றவள் காதுக்குச் சுகமாக இருந்தது.

நாலாம் நாள் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பெரட்டுக்கே போனாள். பேர் கூப்பிட்டதும் பாக்கியம் தலையைத் திருப்பி ஒரு சத்தம் போட்டாள். யாரும் சிரிக்கவில்லை. கணக்கப்பிள்ளை கிட்டே வந்தார்.

"இதுக்கு என்ன வயசு?"

"ஏழுங்க."

"புஸ்தகத்துல பத்துன்னு இருக்கே."

"தப்பா எழுதிப்புட்டாங்க ஐயா. நான் பெத்தவ, எனக்குத் தெரியாதுங்களா?"

அவர் பிள்ளையின் வளைந்த கையைப் பார்த்தார். பிறகு வேலைப் பட்டியலிலிருந்து பேரை அடித்தார், புத்தகத்தில் வயதையும் ஏழென்று திருத்தினார். நம்பினாரா இல்லையா என்பது அவருக்கே வெளிச்சம்.

வேலாயி மகளை மடுவத்தில் விட்டுவிட்டு மலை ஏறினாள். பெரிய கண்டம் தாண்டியாயிற்று, இனி மூன்று வருஷத்துக்குக் கயிற்றுக்கு வேலையில்லை. நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் முதல் செடியில் கை வைத்தவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. தூக்கி, துடைத்து, வாய் வாயாக ஊட்டி அவள் கழித்த மூன்று வருஷத்தை, நாலுபேர் முன்னால் நடக்கவே இல்லையென்று தன் வாயாலேயே சொல்லிவிட்டு வந்திருந்தாள்.