ஸ்டார் வாங்கிய பான்கேக்

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பான்கேக் சுட்டோம். சுட்ட கல் ஆறிவிட்டது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

பான்கேக் மேல் என்ன கோபம் என்கிறீர்களா? பாவம், அது என்ன செய்யும்! கோபமெல்லாம் அதைச் சுடச் சொன்னவர்கள் மேல்தான்.

அக்கா மகள் யாழினி ஊரப்பாக்கத்தில் ஒரு பள்ளியில் யு.கே.ஜி. படிக்கிறாள். 'விளையாடிக்கொண்டே கற்போம்' என்று பள்ளியிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ். குழந்தையோடு சேர்ந்து பான்கேக் செய்ய வேண்டுமாம். போடுகிற பொருளையெல்லாம் குழந்தை இங்கிலீஷில் சொல்ல வேண்டுமாம். அதை வீடியோ எடுத்து அனுப்பினால் ஸ்டார்!

எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே வீட்டின் இங்கிலீஷ் டிபார்ட்மென்ட், கேமரா டிபார்ட்மென்ட் இரண்டும் என் தலையில்.

மாவு கரைத்தது யாழினி — பாதி கிண்ணத்தில், பாதி தரையில். வாழைப்பழத்தையும் அவளே பிசைந்தாள். அக்கா பழக்க தோஷத்தில் அரை வெங்காயத்தை எடுத்துத் தோசைக்கல்லில் தேய்த்துவிட்டாள். முதல் பான்கேக்கில் வெங்காய வாசனை!

"அய்யே... ஆனியன் பான்கேக்!" யாழினி மூக்கைப் பொத்திக்கொண்டு குதித்தாள்.

"துன்னுட்டுச் சொல்லுடி, பெரிய ஓட்டல் மொதலாளி!" என்றாள் அக்கா.

இரண்டாவதை ஊற்றியதும்தான் விஷயமே ஆரம்பித்தது. மேலே குமிழ் குமிழாகக் கிளம்பி, ஒவ்வொன்றாக உடைந்தது. ஸ்டூல் மேல் நின்றிருந்த யாழினிக்குக் கண் விரிந்தது.

"அம்மா, ஓட்டை ஓட்டையா வருது பாரு! யாரும்மா குத்துறா?"

"யாரும் குத்தல. உள்ள காத்து மாட்டிகினு கீது. சூடு தாங்காம வெளிய ஓடியாருது."

"வெளிய வந்து எங்க போவும்?"

"உன் மூக்குக்குத்தான். மோந்து பாரு, இன்னா வாசன!"

குழந்தை கண்ணை மூடி மூச்சை இழுத்தாள். நான் வீடியோவை நிறுத்தவே இல்லை. மாவுக்கு ஃப்ளவர், பாலுக்கு மில்க், பழத்துக்குப் பனானா என்று எல்லாம் ஏற்கெனவே இங்கிலீஷில் சொல்லியாகிவிட்டது. அதற்கு மேல் இந்தப் பாடம் வேறு போனஸ்! அப்படியே அனுப்பினேன்.

சாயங்காலம் டீச்சரிடமிருந்து பதில்: பின்னணியில் தமிழ்ப் பேச்சு கேட்கிறது, மறுபடி எடுத்து அனுப்பவும்.

பின்னணியா? யாருங்க பின்னணி? அந்தக் குழந்தைக்குப் பேச்சையே கொடுத்தவளா?

இங்கிலீஷ் மேல் எனக்குப் பகை இல்லை. பகலில் ஆபீசில் அதுதான் எனக்குச் சோறு போடுகிறது. ஆனால் அது வீட்டுக்குள் வரும்போது அம்மா வெளியே போய்விட வேண்டும் என்று யார் சட்டம் போட்டது? பிள்ளைக்குக் கேள்வி வருவதே பெரிய விஷயம். அது எந்த மொழியில் வருகிறது என்று வாசலில் நின்று செக் பண்ணுவதற்குப் பெயர் கல்வியா?

'முடியாது' என்று டைப் அடித்தேன். அனுப்புவதற்குள் அக்கா போனைப் பிடுங்கிவிட்டாள்.

"உனுக்கு இன்னாடா, பத்திரிகைல நாலு வரி எழுதிட்டுப் பூடுவ. நாளிக்கு எல்லாப் புள்ளைங்களும் சட்டைல ஸ்டார் ஒட்டிகினு நிக்கும். இது மட்டும் மூஞ்சிய தொங்கப் போட்டுகினு நிக்கணுமா? எடுடா. நா பேசல."

படித்தவன் நான்தான்... போனை வாங்கிக் கேமராவைத் திறந்தவனும் நான்தான்.

மறுபடி மாவு. மறுபடி பழம். அக்கா நைட்டி மேல் போட்டிருந்த துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, கேமராவில் படாமல் ஃபிரிட்ஜ் ஓரமாக ஒதுங்கினாள். சொந்த அடுப்படியில்!

கல்லில் குமிழ் கிளம்பியது. யாழினி ஆசையாக அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அக்கா பேசாமல் என் போனைக் கை காட்டினாள். குழந்தையும் போனைப் பார்த்து, "திஸ் இஸ் மை பான்கேக்" என்று ஒப்பித்துவிட்டு நின்றாள். ஓட்டையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இந்த முறை பதில் உடனே வந்தது. 'எக்சலன்ட்!' கூடவே ஒரு தங்க ஸ்டார்.

போனைக் காட்டினேன். யாழினி அதை வாங்கிக்கொண்டு அம்மாவிடம் ஓடினாள். அக்கா சத்தமில்லாமல் தோசைக்கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஸ்டார் வந்துச்சும்மா... நீ இப்ப பேசலாம்."